பாலூட்டும் தாய்க்கு யார் துணை?

அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கின்றேன். புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் இறைவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்றைய ஜும்ஆவுக்கு நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு உங்களில் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். பிள்ளை பெற்ற தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றியும், அவள் தடுமாறும் அந்த முதல் நாட்களில் மஹல்லாவின் மற்றத் தாய்மார்கள் அவளுக்கு எவ்வாறு துணை நிற்க முடியும் என்பதைப் பற்றியும் பேச இருக்கின்றோம். ஆண்கள் அமர்ந்திருக்கும் சபையில் இந்தப் பேச்சு எதற்கு, இது பெண்கள் சங்கதியல்லவா என்று கேட்கலாம். ஆனால் திருக்குர்ஆனில் பாலூட்டல் பற்றிய வசனங்களை எடுத்துப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தாயின் பாலைப் பற்றித் தொடங்குகின்றது. தொடங்கிய வேகத்திலேயே தகப்பனின் பக்கம் திரும்பிவிடுகின்றது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று காலம் குறித்த இறைவன், அந்தத் தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறான். தகப்பன் இல்லாது போனால்? வாரிசுதாரர் மீதும் அதுபோன்ற கடமை உண்டு என்கிறான். பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் இடர் கூடாது, தகப்பனுக்கும் இடர் கூடாது என்கிறான். பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பிக் கலந்து பேசியே முடிவு செய்ய வேண்டும் என்கிறான்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! பால் சுரப்பது தாயின் மார்பில். ஆனால் அந்தப் பால் குழந்தைக்குச் சென்று சேர்வதற்கான ஏற்பாடு அவளைச் சுற்றி நிற்பவர்களின் கையில். இந்த வசனம் சுட்டுகின்ற உண்மை இது. இதைத்தான் நாம் மறந்து போனோம்.

முதல் வாரத்தில் நடப்பது என்ன?

நம் வீடுகளில் பிள்ளைப்பேறு நடக்கின்றது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குழந்தை ஓயாமல் அழுகின்றது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பச்சை உடம்புக்காரியிடம் கேட்கும் முதல் கேள்வி, "பால் இருக்கா?" என்பதுதான். அடுத்து ஒருவர், "பால் பத்தலை போலிருக்கே" என்பார். அதற்குள் கடைக்கு ஓட ஓர் ஆள் ஆயத்தமாகிவிடுவார். மாலையில் பால்மாவு டப்பா வீட்டுக்கு வந்துவிடும். அன்றிரவு குழந்தை வயிறு நிறைந்து நீண்ட நேரம் உறங்கும். "பார்த்தீர்களா, பசிதான்!" என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள். தாய் மட்டும், தன் உடம்பில் ஏதோ குறை இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுவாள்.

உண்மையில் நடந்தது வேறு. முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். அது சில துளிகள், ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் இரைப்பையும் அந்த அளவுக்கே சிறியது. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் பால் கட்டி, மார்பு கனத்து, அளவு பெருகும். அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கு இது இன்னும் சற்றுத் தாமதமாகலாம். குழந்தை எத்தனை முறை சப்பிக் குடிக்கின்றதோ அதற்கேற்பவே பால் ஊறும். இறைவன் அமைத்த ஏற்பாடு அப்படி. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை மார்பைத் தேடுவது இயல்பானது. அந்தத் தேடலைப் பசியின் முறையீடு என்று தவறாக எண்ணிப் புட்டிப்பாலைக் கொடுத்தால், குழந்தை மார்பில் குடிப்பது குறைகின்றது. குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறைகின்றது. "பால் பத்தலை" என்று முதல் நாள் சொன்ன சொல், பத்தாம் நாளில் மெய்யாகவே பலித்துவிடுகின்றது. புட்டி வந்ததால் பால் குறைந்தது என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. பால் குறைந்ததால் புட்டி வந்தது என்றே அவள் காலமெல்லாம் நம்புகின்றாள்.

சீம்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. அது மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால், கெட்ட பால் என்று பீய்ச்சி எறியும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நோய் எதிர்ப்பாற்றலை ஊட்டும் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன என்பதை இன்று மருத்துவ உலகம் சொல்கின்றது. ஆனால் நம்முடைய ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே, இந்த முதற்பாலைப் புகட்டுவது தாயின் மீது கட்டாயம் என்ற சட்டம் இருக்கின்றது. அதற்குப் பிறகுள்ள பாலுக்கு மாற்று ஏற்பாடு இருந்தால் தாயை நிர்ப்பந்திக்க முடியாது என்று சலுகை தந்த இமாம்கள், இந்த முதற்பாலில் மட்டும் சலுகை தரவில்லை. இது இல்லாமல் பெரும்பாலும் குழந்தை பிழைக்காது என்று காரணமும் சொன்னார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட சட்டம் இது. அதை ஓதிய நம் ஊர்களிலேயே அந்தப் பால் தரையில் பீய்ச்சப்பட்டது என்பதை என்னவென்று சொல்வது!

தஹ்னீக் செய்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேரீச்சம் பழத்தை மென்மையாக்கிக் குழந்தையின் மேலண்ணத்தில் சிறிது தடவுவது நபிவழி. தடவுவதுதான் நபிவழி; ஊட்டுவதல்ல. தஹ்னீக் என்ற பெயரிலும் சேனை என்ற பெயரிலும் சங்கு சங்காகச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால், முதற்பாலுக்குரிய பசியை அது அடைத்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தானது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்பது உண்மையே. எனினும், எதனை எந்த வயதில் கொடுப்பது என்பதற்கு அனுபவமும் அறிவும் தேவை.

மூஸா (அலை) அவர்களின் சகோதரி

இத்தகைய நேரத்தில் தாய்க்குத் தேவைப்படுவது என்ன? திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயம் ஒரு காட்சியைக் காட்டுகின்றது. மூஸா நபியின் தாயாருக்கு இறைவன் முதலில் உணர்த்தியது, குழந்தைக்குப் பாலூட்டு என்பதே. பேழையும் ஆறும் அதற்குப் பிறகே வருகின்றன. பின்னர் ஃபிர்அவ்னின் அரண்மனையில் எத்தனையோ செவிலித்தாய்மார்கள் அழைத்து வரப்படுகின்றனர். குழந்தை எவரிடமும் பால் குடிக்கவில்லை. அரண்மனையே செய்வதறியாது திகைத்து நிற்கின்றது. அப்போது, தூரத்திலிருந்து ஒன்றும் அறியாதவள்போல் கவனித்துக்கொண்டிருந்த ஒரு சிறு பெண் முன்வந்து, இந்தக் குழந்தையைப் பொறுப்பேற்று நலம் நாடிப் பேணக்கூடிய ஒரு வீட்டாரை உங்களுக்குக் காட்டட்டுமா என்று கேட்கின்றாள். அவள்தான் மூஸாவின் சகோதரி. அந்த ஒரு சொல்லால் குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது. தாயின் கண் குளிர்ந்தது, கவலை நீங்கியது.

அந்தப் பெண் மருத்துவச்சி அல்லள். பாலூட்டியவளும் அல்லள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஏற்பட்ட இடைவெளியைப் பார்த்து, தக்க நேரத்தில் தக்க சொல்லைச் சொன்னவள். கூலி கேட்டதாக எங்கும் இல்லை. இன்று நாம் தேடுவது இப்படிப்பட்ட பெண்களைத்தான்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். தன்னந்தனியாக, பேரீச்ச மரத்தடியில் பேறுகால வேதனையில் துவண்ட அவர்களுக்கு முதலில் கிடைத்தது ஆறுதல்: கவலைப்படாதே என்ற சொல். அடுத்துக் குடிக்க நீரூற்று, உண்ணப் பழம். அதன்பின் ஒரு விதிவிலக்கு: காணும் மனிதர்கள் எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்ற அனுமதி. பிள்ளை பெற்றவளைச் சூழ்ந்துகொண்டு விசாரணை நடத்தும் நம் உறவினர்கள், இந்த மூன்றாவது அம்சத்தைச் சற்றுக் கவனிப்பார்களாக. பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் மூத்தவர்கள் இரண்டாவது அம்சத்தைக் கவனிப்பார்களாக.

இல்லினாய்ஸின் ஏழு தாய்மார்கள்

இந்த உதவியை ஒரு முறையான சேவையாக ஆக்கியவர்களைப் பற்றி அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். ஞானம் முஃமினின் தொலைந்த பொருள் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

அமெரிக்காவில் 1950-களில் பால்மாவும் புட்டியும்தான் நாகரிகம் என்றாகியிருந்தன. பாலூட்டும் தாய்மார்கள் சிறுபான்மையினராகி விட்டனர். 1956-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில், தேவாலயக் குடும்பங்கள் கூடிய ஓர் உல்லாசப் பயணத்தில் மேரி வைட், மரியன் தாம்ஸன் என்ற இருவர் தம் குழந்தைகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் அருகில் வந்து, எங்களுக்கும் ஆசைதான், முடியாமல் போயிற்று என்று தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள். விருப்பம் இல்லாமல் போகவில்லை, சொல்லித் தர ஆளில்லாமல் போயிற்று என்பதை அந்த இருவரும் உணர்ந்துகொண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஃபிராங்க்ளின் பார்க் என்ற ஊரில் மேரி வைட்டின் வீட்டுக் கூடத்தில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து முதல் கூட்டத்தை நடத்தினார்கள். அதுவே லா லேச்சே லீக் என்ற அமைப்பு. மார்பு என்ற சொல்லைப் பொதுவில் உச்சரிக்கவே கூசிய காலம் என்பதால் பெயரை ஸ்பானிய மொழியில் வைத்தார்கள். ஃபுளோரிடாவில், பாலூட்டும் தாயாக மர்யம் அம்மையாரின் பெயரால் அமைந்த ஒரு வழிபாட்டிடத்தின் பெயரிலிருந்து அது எடுக்கப்பட்டது. கூச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கின்றேன். அவர்கள் கூச்சத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தவில்லை.

அவர்கள் கண்டுகொண்ட உண்மை எளியது. பாலூட்டிய அனுபவமுள்ள ஒரு தாய், இப்போது தடுமாறும் இன்னொரு தாயின் அருகில் அமர்ந்து பேசுவதற்கு ஈடான பாடம் இல்லை. பின்னர் 1964-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மேரி பேட்டன் என்ற தாய் தொடங்கிய சங்கமும் இதே வழியில் நடந்தது.

டாக்கா நகரம் தந்த சான்று

ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சொன்னால், அது வசதியுள்ள நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடுவோம். ஆகவே நம்மைப் போன்ற மக்கள் வாழும் ஊருக்கு வருவோம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசத்தின் தலைநகர் டாக்கா. அங்கும் பிறந்த குழந்தைக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர் முதலியவற்றை முதலில் புகட்டும் வழக்கம் உண்டு. அங்கும் மாமியார் சொல் உண்டு, பால்மாவு டப்பா உண்டு, ஏழை நடுத்தரக் குடும்பத்தின் எல்லா நெருக்கடிகளும் உண்டு.

அங்கே நகரின் 40 பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2000-ஆம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பாதியில், அப்பகுதியைச் சேர்ந்த சாதாரணத் தாய்மார்களுக்குப் பத்து நாட்கள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயிற்சி அளித்தார்கள். அவர்கள் செவிலியர்களும் அல்லர், பட்டதாரிகளும் அல்லர். தாமே பாலூட்டிய அனுபவமும் ஓரளவு படிப்பும் இருந்தால் போதும் என்று வைத்தார்கள். அந்தத் தாய்மார்கள் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் பதினைந்து முறை சென்றார்கள். பிரசவத்திற்கு முன் இரண்டு முறை. பிரசவித்த 48 மணி நேரத்திற்குள் ஒரு முறை. ஐந்தாம் நாள் ஒரு முறை. பத்துக்கும் பதினான்குக்கும் இடையே ஒரு முறை. அதன் பின்னர் ஐந்து மாதம் நிரம்பும் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

ஐந்தாம் மாத முடிவில் கணக்கெடுத்தபோது, அவர்கள் சென்ற பகுதிகளில் நூற்றுக்கு 70 குழந்தைகள் தாய்ப்பாலை மட்டுமே அருந்திக்கொண்டிருந்தன. செல்லாத பகுதிகளில் நூற்றுக்கு 6! ஒரே நகரம், ஒரே மார்க்கம், ஒரே சமையல், ஒரே வருமானம். வேறுபாடு ஒன்றுதான்: ஒரு பக்கத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தாள், மறுபக்கத்தில் வரவில்லை. டாக்காத் தாய்மார்களுக்குப் பால் இல்லை என்று இனி யாராவது சொல்ல முடியுமா?

1999-இல் மெக்ஸிகோ நகரின் ஒரு பகுதியில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. மூன்றாம் மாதத்தில், ஆறு முறை சென்று பார்த்த வீடுகளில் நூற்றுக்கு 67 பேரும், மூன்று முறை பார்த்த வீடுகளில் 50 பேரும், யாரும் போகாத வீடுகளில் 12 பேரும் தாய்ப்பாலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

உண்மையை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் நடந்த சில முயற்சிகளில் இப்படிப்பட்ட பலன் கிட்டவில்லை. அங்கே சந்திப்புகள் மிகக் குறைவு; சில இடங்களில் பிரசவத்திற்கு முன் பேசியதோடு சரி. ஆகவே கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டு, சொற்பொழிவு நடத்தி, தேநீர் கொடுத்து அனுப்பினால் காரியம் முடிந்துவிடும் என்று நம் நிர்வாகிகள் நினைத்துவிட வேண்டாம். போக வேண்டும், தக்க நாளில் போக வேண்டும், திரும்பவும் போக வேண்டும்.

அந்தத் தாய் செய்ய வேண்டியது

போனவள் என்ன செய்வாள்? முதலில் கேட்பாள். பிள்ளை பெற்றவள் அழுதால் அழ விடுவாள். பிறகு, ஒரு முறை குழந்தை குடிப்பதை அருகிலிருந்து பார்ப்பாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறதா, வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியின் பெரும்பங்கையும் சேர்த்துக் கவ்வுகிறதா? தாடை மார்பில் படிந்திருக்கிறதா? குழந்தையின் உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்கிறதா, கழுத்து மட்டும் திருகி நிற்கிறதா? தாய்க்கு உயிர்போகும் வலி எடுக்கிறது என்றால், பெரும்பாலும் கவ்வும் விதம் சரியில்லை என்று பொருள். அதைச் சரிப்படுத்துவது சில நிமிட வேலை. அது தெரியாமல், காம்பு வெடித்து, இரத்தம் கசிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பாலூட்டிப் பின்னர் கைவிட்ட தாய்மார்கள் எத்தனை பேர்!

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து அளக்கக் கூடாது என்றும் அவள் சொல்லித் தருவாள். முதல் வாரம் கழிந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்தால், பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்திற்குள் எட்டினால், பால் போதுகின்றது. முதல் நாட்களில் எடை சிறிது குறைவது இயல்பு. முதல் ஆறு மாதங்களுக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை, நம் ஊர்க் கோடையிலும் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆறு மாதத்திற்குப் பின் இணை உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. அந்த இரண்டு ஆண்டுகள் என்ற எல்லையை நாம் எங்கே ஓதினோம் என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

அவள் செய்யக் கூடாதவையும் உண்டு. அவள் மருத்துவர் அல்லள். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து வீங்கினால், குழந்தை துவண்டு, பால் குடிக்க எழாமல் கிடந்தால், சிறுநீர் வற்றினால், கண்ணும் உடலும் மிகவும் மஞ்சளித்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமின்றி, எதிலும் பற்றின்றி, சொல்லொணாத் துயரத்தில் ஒரு தாய் மூழ்கிக் கிடந்தாலும் அப்படியே. அது ஜின்னின் சேட்டையல்ல, மருத்துவம் செய்ய வேண்டிய நிலை. நோயின் காரணமாகவோ, உட்கொள்ளும் மருந்தின் காரணமாகவோ, குறைமாதக் குழந்தை என்பதாலோ சில தாய்மார்களால் பாலூட்ட இயலாது. மருத்துவர் பால்மாவைப் பரிந்துரைத்திருப்பார். அங்கே போய் அந்தத் தாயைக் குற்றவாளிபோல் பேசுவது பெரும் அநீதி. இயலாத நிலையில் மற்றொருத்தி பாலூட்டலாம் என்று வாசலைத் திறந்து வைத்த மார்க்கம் இது. நம் நபி (ஸல்) அவர்களே ஹலீமா (ரழி) அம்மையாரிடம் பால் அருந்தி வளர்ந்தவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உதவிக்குப் போன தாய், இரக்கப்பட்டுத் தானே அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால், பால்குடி உறவு என்ற சட்டம் அங்கே நுழைகின்றது. அந்தக் குழந்தை அவளுடைய பிள்ளைகளுக்கு உடன்பிறப்பாகிவிடும். பின்னாளில் திருமண விலக்கு ஏற்படும். எத்தனை முறை கொடுத்தால் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எனவே இரு வீட்டாரும் அறியாமல் அதைச் செய்யலாகாது. நேர்ந்தால் எழுதி வைக்க வேண்டும்.

ரமலானில் இன்னொரு சங்கடம் எழும். பாலூட்டும் தாய்க்கு நோன்பில் சலுகை இருப்பது ஹதீஸில் வந்துள்ளது. ஆயினும் வீட்டில் எல்லோரும் நோன்பிருக்கத் தான் மட்டும் உண்பதற்கு வெட்கி, மறைவில் பட்டினி கிடக்கும் இளம் தாய்மார்கள் இருக்கின்றார்கள். களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். இறைவன் தந்த சலுகையை ஏற்பதற்கு வெட்கம் எதற்கு என்று அவளிடம் சொல்ல, அவள் நிலையில் இருந்து வந்த ஒரு பெண் வேண்டும்.

உமர் (ரழி) அவர்கள் கேட்ட அழுகுரல்

ஆண்களின் பொறுப்புக்கு வருவோம். கலீஃபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஒரு வணிகக் கூட்டம் மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்தது. அவர்களைக் காவல் காக்க உமர் (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களும் இரவில் சென்றிருந்தனர். ஒரு குழந்தை அழுதது. கலீஃபா சென்று, பிள்ளையைக் கவனி என்று தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் சென்றார்கள். இரவின் பிற்பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை கேட்கவே, கடிந்துகொண்டார்கள். வந்திருப்பவர் யார் என்றறியாத அந்தப் பெண், பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார், அதனால்தான் காலத்திற்கு முன்பே பாலை நிறுத்தப் பார்க்கின்றேன் என்றாள். அன்று ஃபஜ்ரு தொழுகையில் அழுகையினால் கலீஃபாவின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தொழுகை முடிந்ததும், பிள்ளைகளை அவசரப்பட்டுப் பால்குடி மறக்கச் செய்யாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று நாடெங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

கவனியுங்கள்! முதலில் அவர்களும் தாயைத்தான் கடிந்துகொண்டார்கள். காரணம் தெரிந்ததும், தாயைத் திருத்தவில்லை. தம் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நம் நாட்டிலும் சட்டங்கள் வந்திருக்கின்றன. பால்மாவு, புட்டி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992-இல் வந்து, 2003-இல் கடுமையாக்கப்பட்டது. 2017-இல் மகப்பேறு விடுப்பு, முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. தமிழக அரசு 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. 2016-இல் மத்திய அரசு தாய்ப்பாலுக்கென்றே ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்றவை நூற்றுக்கு 42 குழந்தைகள் மட்டுமே. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டும் அருந்துபவை 64. பீடி சுற்றும் பெண்ணுக்கும் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அந்த 26 வாரங்கள் எட்டாக்கனியே. சட்டம் வாசல் வரை வரும். பிள்ளை பெற்றவளின் அறைக்குள் வருவதற்கு ஒரு பெண்தான் வேண்டும்.

ஆகவே சகோதரர்களே! உங்கள் மனைவியோ, தாயோ, திருமணமான மகளோ அப்படிப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். அவள் போய்வரும் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டும் மனைவி உங்கள் வீட்டில் இருந்தால், இரவில் குழந்தையை எடுத்துக் கொடுப்பது, துணி மாற்றுவது, சமையல் சுமையைக் குறைப்பது எல்லாம் அல்பகரா வசனம் உங்கள் மீது சுமத்திய பொறுப்பின் நீட்சியே. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் பால்மாவு டப்பாக்களை அடுக்கி வருவதைப் பாசம் என்று எண்ணுகின்றார்கள். அதற்குப் பதிலாக, தொலைபேசியில் மனைவியிடம், பால் இருக்கா என்று கேட்காமல், நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய அமைப்பு, பெயர்ப்பலகை, வசூல் எதுவும் வேண்டாம். பாலூட்டி வளர்த்த தாய்மார்களில் பொறுமையும், பிறர் வீட்டு இரகசியத்தைக் காக்கும் குணமும் உடைய ஐந்தாறு பேரை முதலில் இனங்காணுங்கள். பெண்கள் மதரஸாவின் ஆலிமாக்கள் அவர்களை அடையாளம் காட்டுவார்கள். வட்டார ஆரம்பச் சுகாதார நிலையத்தை அணுகினால், கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். மருந்துக்கடைக்காரரிடமிருந்தோ பால்மாவு நிறுவனத்திடமிருந்தோ ஒரு ரூபாய் நன்கொடையும் வாங்கக் கூடாது. தேவையுள்ள வீட்டில் தாயின் சத்துணவுக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். குழந்தை பிறந்த பின் அல்ல, ஏழாம் மாதத்திலிருந்தே கொடுங்கள்.

எந்த வீட்டில் எந்த மாதம் பிரசவம் என்ற குறிப்பு அந்தத் தாய்மார்களின் கையில் மட்டும் இருக்கட்டும். பிரசவத்திற்கு முன் இருமுறை, பின்னர் இரண்டு நாளுக்குள், ஐந்தாம் நாள், இரண்டாம் வாரம் என்ற டாக்கா முறையை அப்படியே பின்பற்றலாம். நாற்பது நாள் கழித்துப் போவது குழந்தையைக் கொஞ்சுவதற்குத்தான் உதவும். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்கு வேறு ஊர் போயிருந்தால், அந்த ஊர் மஹல்லாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியோ கிறிஸ்தவச் சகோதரியோ அழைத்தாலும் போக வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையில் மத வேறுபாடு இல்லை.

வல்ல இறைவன் நம் வீடுகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு அவர்களின் ரிஸ்க்கைத் தடையின்றிக் கிடைக்கச் செய்வானாக! ஆமீன்.

பெயர் தர முன்வரும் தாய்மார்கள் தம் வீட்டு ஆண்கள் மூலமாக அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஜமாஅத் அலுவலகத்தில் சொல்லியனுப்பலாம்.